ஒரு ஜன்னல் என்ன விலை?

"என்னப்பா, லண்டன்ல என்ன உத்தியோகம்?" என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. "கண்ணாடி பிசினஸ்!"

பொய் என்று சொல்ல முடியாது. கண்ணாடியை வைத்துத்தான் பிழைக்கிறேன். அடுத்தவர் வீட்டு ஜன்னல் கண்ணாடி. அதைச் சுத்தம் செய்து கொடுத்துக் காசு வாங்குவது என் தொழில்.

ஊர் லண்டனும் கிடையாது. பீட்டர்பரோ. லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். விருதுநகர்க்காரர்களுக்கு இங்கிலாந்து முழுவதுமே லண்டன்தான். திருத்திப் பார்த்து அலுத்துப் போய், நானும் லண்டன் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

எம்.காம். முடித்து, மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். மனைவி நர்ஸ். அவளுக்கு இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து 2023-ல் வந்தோம். நர்ஸின் கணவர் என்ற வகையில் எனக்குக் கிடைத்த விசாவில் சம்பளத்துக்கும் போகலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். (ஸ்டூடண்ட் விசாவில் வரும் தம்பிகள் கவனிக்க: உங்களுக்குச் சொந்தத் தொழில் செய்ய அனுமதி கிடையாது!)

முதல் ஒரு வருஷம் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்ட். அவளுக்குப் பகல் டூட்டி. நாங்கள் இருவரும் சந்தித்துக்கொண்டது மாடிப்படியில்தான். "வாங்க", "போயிட்டு வா" என்பதோடு குடும்பம் நடந்தது. அப்போதுதான் எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை வருகிற ஜன்னல்காரர் பழக்கமானார். வயது 67. முழங்கால் தகராறு. தொழிலை விடப் போவதாகச் சொன்னார்.

"விட்டுடுவேன்னா? வாடிக்கையெல்லாம் என்ன ஆகும்?" என்றேன்.

"வித்துடுவேன்" என்றார்.

நம்மூரில் பால்காரர் 'லைன்' விற்பது போல, இங்கே ஜன்னல்காரர்கள் 'ரவுண்டு' விற்கிறார்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறையோ எட்டு வாரத்துக்கு ஒருமுறையோ போகிற வீடுகளின் பட்டியல்தான் ரவுண்டு. அதன் விலை, மாத வசூலைப் போல இத்தனை மடங்கு என்று பேசப்படும். பெரியவரிடம் 160 வீடுகள். வீட்டுக்குச் சராசரி 9 பவுண்டு. மாத வசூல் 1,440. எனக்கு இரண்டு மடங்கில் முடித்தார். 2,880 பவுண்டு.

வேன், தொட்டி, பம்ப், கம்பம் எல்லாம் தனி. பழைய வேன் 4,500. தண்ணீர்த் தொட்டி, பம்ப், ஹோஸ், ஃபில்டர் சேர்த்து 1,400. கார்பன் ஃபைபர் கம்பம் 350. சில்லறைச் சாமான்கள் 100. ரவுண்டையும் சேர்த்தால் மொத்தம் 9,230 பவுண்டு.

சேமிப்பு போதவில்லை. மனைவியின் ஆறு பவுன் வளையல்கள் விருதுநகரில் பாங்க் லாக்கரில் இருந்தன. அவை லாக்கரிலிருந்து நாலடி நகர்ந்து, அதே பாங்கின் நகைக்கடன் கவுன்ட்டருக்குப் போயின. பவுனை வைத்துப் பவுண்டு வாங்கினேன்!

"ஏங்க, திரும்பி வருமா?" என்று கேட்டாள். பவுனையா, பவுண்டையா என்று நான் கேட்கவில்லை.

துடைக்காமல் துடைப்பது எப்படி?

ஏணி, வாளி, ரப்பர் பட்டி. பழைய ஜன்னல்காரர் என்றால் இதுதான் படம். அந்தப் பட்டியின் இன்றைய வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் எட்டோரே ஸ்டெக்கோனே என்கிற இத்தாலிக்காரர். அமெரிக்காவில் குடியேறி, ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர். வருஷம் 1936. அதே 1936-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபார்ம்பி என்ற நகைச்சுவை நடிகர், ஏணியில் நின்று வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் பார்த்துவிடும் ஜன்னல்காரனைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். விவகாரமான பாட்டு என்று பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. பாட்டு அமோக ஹிட்! இன்றைக்கும் என் தொழிலைச் சொன்னால் வயசான வெள்ளைக்காரர்கள் கண்ணடிக்கிறார்கள்.

அவர்கள் நினைப்பது போல எனக்கு எந்தப் பாக்கியமும் இல்லை. உயரத்தில் வேலை செய்வது பற்றி 2005-ல் இங்கே விதிமுறைகள் வந்தன. தவிர்க்க முடிந்தால் உயரத்தில் ஏறுவதைத் தவிர் என்பது அதன் சாரம். ஆகவே நான் தரையில் நிற்கிறேன். நீளமான கம்பம், நுனியில் பிரஷ், பிரஷ்ஷிலிருந்து தண்ணீர். மாடி ஜன்னலைத் தேய்த்து, அலசி, அப்படியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். துணியே கிடையாது. நான் பார்க்கிற காட்சி புல்தரையும் நாயும்தான்.

காய்ந்தால் திட்டுத் திட்டாக இருக்காதா? இருக்காது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பும் சுண்ணாம்பும்தான் காய்ந்து புள்ளியாக நிற்கின்றன. அவற்றை முழுக்க எடுத்துவிட்டால் புள்ளி விழ வழியில்லை. நம் வீடுகளில் இருக்கிற ஆர்.ஓ. மெஷின்தான் இங்கேயும். அதற்குப் பிறகு ரெசின் என்கிற ஒரு மணல் போன்ற சமாச்சாரத்தின் வழியாக விட்டால் மீட்டர் பூஜ்யம் காட்டும். பீட்டர்பரோ தண்ணீர் கடின நீர். ரெசின் சீக்கிரம் தீரும். மென்மையான தண்ணீர் வரும் ஊர்க்காரனுக்கு இந்தச் செலவு குறைவு. ஆக, குழாயில் வருகிற தண்ணீரின் குணம்கூட விலையைத் தீர்மானிக்கிறது!

கல்லாப்பெட்டியும் கணக்குப் புத்தகமும்

எங்கள் தாத்தா விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருந்தார். பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் விலை நிலவரம்' என்று வருமே, அந்த மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெரு. அவர் அடிக்கடி சொல்வார்: "கல்லாவுல கெடக்குறதெல்லாம் நம்ம காசு இல்லடா. பாதிப் பேரு அதுல பங்கு வச்சிருக்கான்."

முதல் மாதம் முடிந்ததும் தாத்தாவின் பங்காளிகளை ஒவ்வொருவராக எழுதினேன். டீசல் 110. வேன் இன்ஷூரன்ஸ், சாலை வரி, ரிப்பேர் 190. வேனின் தேய்மானம் 100. தண்ணீர், ஃபில்டர், ரெசின் 60. யார் வீட்டுக் கண்ணாடியாவது உடைந்தால், யாராவது என் ஹோஸில் தடுக்கி விழுந்தால் கைகொடுக்கும் இன்ஷூரன்ஸ் 10. கம்பம், பிரஷ், பம்ப் தேய்மானம் 50. போன், இதர வகை 40. மொத்தம் 560.

1,440-ல் 560 போனால் 880.

அடுத்தது நேரம். ஒரு வீட்டுக்குச் சுத்தம் செய்ய 15 நிமிஷம். வேனை நிறுத்தி, ஹோஸைப் பிரித்து, சுருட்டி, அடுத்த வீடு போய்ச் சேர 8 நிமிஷம். 160 வீட்டுக்கு 61 மணி நேரம். சாயந்திரங்களில் கதவு தட்டி வசூல், தண்ணீர் பிடிப்பது, கணக்கு எழுதுவது 14 மணி நேரம். மொத்தம் 75.

880-ஐ 75-ஆல் வகுத்தேன். மணிக்கு 11.73 பவுண்டு.

இங்கே 21 வயது முடிந்த தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரல் முதல் 12.21 பவுண்டு என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அந்தத் தொழிலாளிக்கு வருஷத்தில் 5.6 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. எனக்கு லீவு போட்டால் அன்றைக்குச் சம்பளமும் லீவு. அதாவது, ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறவரைவிட இந்த முதலாளி கீழே! சொந்த வேன், சொந்தக் கம்பம், சொந்த ஃபில்டர்... சொந்தமாக நஷ்டம்.

பெரியவரைப் போய்ப் பார்த்தேன். "கடைசியா எப்ப விலை ஏத்தினீங்க?"

யோசித்தார். "எட்டு வருஷம் இருக்கும். எல்லாம் பழகின முகம். கேட்க வாய் வரலை" என்றார்.

அந்த எட்டு வருஷக் கூச்சத்தையும் சேர்த்துத்தான் நான் விலைக்கு வாங்கியிருந்தேன்.

160 கடிதங்கள்

9 பவுண்டை 12 ஆக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். கேட்டவுடன் எல்லோரும் ஓடிவிட்டால்? ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டு வாடகை மனைவி சம்பளத்தில் போகிறது. வளையல் கடன் வட்டியை நான் கட்ட வேண்டும்.

தூக்கம் வராத ராத்திரியில் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு போட்டேன். 160 வீடு, 9 பவுண்டு: 1,440. 120 வீடு, 12 பவுண்டு: அதுவும் 1,440! நாற்பது வீடு கழன்றுகொண்டாலும் வசூல் ஒரு பென்ஸ் குறையாது. வேலை மட்டும் கால்வாசி குறையும். நாற்பதைத் தாண்டினால்தான் ஆபத்து.

மனைவியிடம் காட்டினேன். அவள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டி, '40' என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டாள். 2025 மார்ச்சில் 160 கடிதங்கள் போட்டேன். நாலே வரி. என்ன விலை, எந்தத் தேதி முதல், ஏன், நன்றி. கெஞ்சல் இல்லை, சாக்கு இல்லை.

முதல் மூன்று நாளில் ஒன்பது பேர் விலகினார்கள்.

ஃப்ரிட்ஜில் ஒன்பது கோடு. "ஏங்க, இதே வேகத்துல போனா?" என்றாள். "உங்க ஆஸ்பத்திரி கான்டீன்ல ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டு வை" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் ஆறு. அதற்கடுத்த வாரம் நாலு. பிறகு மூன்று. அப்புறம் சத்தமே இல்லை. மொத்தம் 22.

போனவர்களில் இரண்டு கார் நிற்கிற பெரிய வீட்டுக்காரர்கள் பல பேர். 84 வயதான ஒரு ரிடையர்டு டீச்சர் மட்டும் கடிதத்தோடு வாசலுக்கே வந்துவிட்டார். விலகத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். "இந்தக் கடிதம் எட்டு வருஷம் லேட், மை டியர்" என்றார். கூடவே ஒரு எழுத்துப் பிழையையும் காட்டினார். டீச்சர் இல்லையா!

மிச்சம் 138 வீடு. 12 பவுண்டு வீதம் 1,656. செலவு 540. கையில் நின்றது 1,116. உழைத்தது 65 மணி நேரம். மணிக்கு 17 பவுண்டு சொச்சம். வீடு குறைந்தது, வருமானம் கூடியது. காமர்ஸ் படித்தபோது பாடப்புத்தகத்தில் வந்த அதே சமாச்சாரம்தான். வாடகை கட்டும்போது படித்தால் சீக்கிரம் மண்டையில் ஏறுகிறது.

இரண்டு வாசலுக்கு நடுவில்

இந்தத் தொழிலில் காசு ஓடிப்போகிற இடம் ஜன்னல் அல்ல. ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவில் இருக்கிற தூரம். அந்த 8 நிமிஷத்துக்கு யாரும் எனக்குக் கூலி தருவதில்லை. டீசலுக்கும் அங்கேதான் செலவு.

ஆகவே புது வாடிக்கை பிடிக்கும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஏற்கெனவே போகிற தெருவிலேயே அடுத்த வீடு என்றால் வழக்கமான விலை. ஊரின் அந்தக் கோடியில் ஒற்றை வீடு என்றால் கூடுதல் விலை. தயங்கினால் சந்தோஷமாக விட்டுவிடுவேன். பல மாதமாகத் தண்ணீர் படாத ஜன்னல் என்றால் முதல் தடவைக்கு இரட்டை விலை. அழுக்கு அத்தனை இருக்கும். கண்ணாடியாலேயே கட்டிய தோட்டத்து அறை இருந்தால் அதன் கூரைக்குத் தனி விலை. வசூலுக்குக் கதவு தட்டுவதையும் நிறுத்தினேன். பாங்கிலிருந்து நேரே பிடித்துக்கொள்ள ஏற்பாடு. சாயந்திரங்கள் திரும்பக் கிடைத்தன.

இப்போது 200 வீடு. சராசரி 13 பவுண்டு. வசூல் 2,600. செலவு 700. மிச்சம் 1,900. உழைப்பு 85 மணி நேரம். ஒரே தெருவில் ஆறேழு வீடு அமைந்தால் வேனை ஒரு தடவை நிறுத்தினால் போதும்.

மழை? இங்கிலாந்தில் மழைக்கு லீவு விட்டால் பட்டினிதான். சாதாரண மழையில் வேலை நடக்கும், கண்ணாடி சுத்தமாகவே காயும். 'மழையிலா கழுவுகிறாய்?' என்று சந்தேகப்படுகிறவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். பலத்த காற்றடித்தால் கம்பம் பிடிக்க முடியாது. ஹோஸ் உறைகிற ஜனவரிக் காலைகளிலும் வேலை இல்லை. அதற்கென்று மாதம் ஒரு தொகை ஒதுக்குகிறேன். லீவுச் சம்பளம் எனக்கு நானே கொடுத்துக்கொள்வது!

வரிக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கிறேன். இங்கே வரி வருஷம் ஏப்ரல் 5-ல் முடிகிறது. 2025-26 கணக்குப்படி வருஷ லாபத்தில் முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேல் என் மாதிரி ஆளுக்கு 20 சதவிகிதம் வரி. சுயதொழில் செய்கிறவர் கட்டும் தேசிய இன்ஷூரன்ஸ் 6 சதவிகிதம். மாதம் 1,900 என்றால் வருஷம் 22,800. வரம்புக்கு மேலே 10,230. அதில் 26 சதவிகிதம், சுமார் 2,660 பவுண்டு. மாதம் 222 வீதம் தனி அக்கவுன்ட்டில் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் ஜனவரி 31-ல் கட்டச் சொல்லும்போது வியர்க்கும். அந்தக் குளிரிலும் வியர்க்கும்.

இது ஜன்னலுக்கே வரி போட்ட தேசம் சார்! 1696 முதல் 1851 வரை இங்கே வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி வசூலித்தார்கள். வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகளை இன்னும் பார்க்கலாம். ஜன்னல் தொழில் தொடங்க இங்கிலாந்தில் லைசென்ஸ் தேவையில்லை. வடக்கே ஸ்காட்லாந்து போனால் பல இடங்களில் 1982-ம் வருஷச் சட்டப்படி உள்ளூர் நிர்வாகத்திடம் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும்.

மகமை

தாத்தா கடையில் 'மகமை' என்று ஒரு கணக்கு உண்டு. வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கு தர்மத்துக்கு. எழுதி வைத்துத்தான் கொடுப்பார். எழுதாமல் கொடுத்தால் அது தர்மமா, நஷ்டமா என்று நமக்கே தெரியாமல் போய்விடும் என்பார்.

என் நோட்டிலும் மகமைப் பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் மூன்று வீடுகள். ஒன்று, மனைவியை இழந்து, பென்ஷனில் தனியாக இருக்கும் ஒரு முதியவர். கடிதம் கிடைத்ததும் போன் செய்து, "கட்டுபடியாகாது, மன்னிச்சுக்கோ" என்றார். பழைய விலையிலேயே போகிறேன். வீட்டுக்கு மாதம் 3 பவுண்டு என் மகமை. பெரியவர் 160 பேருக்கும் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்த தர்மத்தை, நான் மூன்று பேருக்குத் தெரிந்து கொடுக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆபீஸில் உட்கார்ந்து, 'பேசாமல் வேலையை விட்டுட்டுச் சொந்தமா ஏதாவது பண்ணலாமா' என்று மேனேஜரை முறைத்துக்கொண்டே யோசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ட்யூஷனோ, ஏ.சி. ரிப்பேரோ, கல்யாண வீடியோவோ, எதுவானாலும் முதலில் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். தொழில் செலவு, தேய்மானம், வரி, வேலை இல்லாத நாட்களுக்கான ஒதுக்கீடு எல்லாவற்றையும் அதோடு கூட்டுங்கள். வந்த தொகையை, உழைக்கிற மொத்த மணி நேரத்தால் வகுக்காதீர்கள். காசு கிடைக்கிற மணி நேரத்தால் மட்டும் வகுங்கள். பஸ்ஸில் போகிற நேரம், பில் எழுதுகிற நேரம், போனில் பேரம் பேசுகிற நேரம் எதற்கும் எவனும் தனியாகப் பணம் தரப் போவதில்லை. வருகிற விடைதான் உங்கள் விலை. பக்கத்துக் கடைக்காரன் என்ன வாங்குகிறான் என்பதை அதற்கப்புறம் பாருங்கள். அவனும் எட்டு வருஷமாகக் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கலாம்!

விடையைக் கண்டுபிடிப்பது சுலபம். அதை எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று நாமே ஆரம்பிக்காமல் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள். எனக்கு அதற்கு வசதி அதிகம்.

போன டிசம்பரில் நகைக்கடன் முடிந்தது. வளையல்கள் மைத்துனர் மூலம் வந்து சேர்ந்தன. போட்டுக்கொண்டு, கையை ஆட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, என் மனைவி சொன்னாள்:

"ஏங்க, நம்ம வீட்டு ஜன்னல் மூணு மாசமா அழுக்கா இருக்கு."

"ரெகுலர் கஸ்டமர் இல்லையே. முதல் தடவைக்கு இரட்டை விலை" என்றேன்.

"மகமையில எழுதிக்குங்க!"